வகுப்பறைக் குறும்பும் ஆசிரியர் நடுவுநிலைமையும்

விடுமுறை அணித்தாய் வருங்காலத்திலே பள்ளிக்கூடத்தின் நிலை எத்தகையது என்பதைச் சைவப் பாடசாலை ஆசிரியர்களாகிய உங்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதின்று. சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு கிழமைக்கு முன்னும், தீபாவளிக்கு இரண்டொரு நாளைக்கு முன்னும், தவணைப் பரீட்சை முடிந்தபின் எஞ்சிக் கிடக்கும் வெறுநாள்களிலும் பிள்ளைகளின் உடம்பு வகுப்பிலே இருக்கும். உள்ளமோ ஊஞ்சலிலும் பட்டாசிலும் மாமன் ஊருக்குப் போகும் பேருந்திலும் இருக்கும். அக்காலத்திலே மணி அடிக்கவேண்டிய வேளைக்கு முன்னரே மணி அடிக்கும். அடித்தவர் யார் என்று கேட்டால் காற்று என்பர். கரும்பலகையிலே ஆசிரியரின் திருவுருவம் வரைந்தவர் பெயரின்றித் தோன்றும். முன் வாங்கில் இருப்பவன் முதுகிலே, அவனைக் கழுதையென்று உலகுக்கு அறிவிக்குங் கடதாசி ஒன்று ஒட்டியிருக்கும். சேர்ந்த நாள் முதல் வாய் திறவாத பிள்ளையும் அன்று கோழிபோலக் கூவும்.

இவை குற்றமாமா? குற்றமாயின் எத்துணையளவினது? ஒறுக்கத்தக்கதா, பொறுக்கத்தக்கதா, அன்றி உடனிருந்து நகைக்கத்தக்கதா? இவ்வினா மிகச் சிறியது போலத் தோன்றும். பாடத்திட்டமும் பரீட்சைப் பெறுபேறும் ஆசிரியரின் தலைமேல் மலைபோல் இருக்க, ஒரு தவளையைப் பற்றியும் ஒரு துளி மையைப் பற்றியும் கட்டுரை எழுதுவாருமுளரோ என்று நீங்கள் கேட்கலாம். யானும் முன்னே அவ்வாறு கருதியவனே. குருவிட்டையை அடுத்த தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் எனக்கு ஒரு சித்திரைக் கிழமையிலே நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் அக்கருத்தை மாற்றின. அவற்றைப் பின்னே கூறுவேன். அதன்முன் நகையென்பது யாது என்பதைச் சிறிது ஆராய்தல் முறையாகும்.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளை நிறுத்துங்கால் நகையை முதற்கண் வைத்தார். அழுகையை அதற்கு அயலே வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. அழுகைக்கும் நான்கு கூறினார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. எள்ளலாவது இகழ்தல், இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். நகையின் காரணங்களுள் முதலில் நிற்பது எள்ளல். அழுகையின் காரணங்களுள் முதலில் நிற்பது இளிவு. ஒரு செயலே செய்வான் பக்கத்தில் நகையாகவும், செய்யப்படுவான் பக்கத்தில் அழுகையாகவும் நிற்கின்றது. இவ்வைப்புமுறை நூலாசிரியர் கருதிச் செய்ததோ அன்றோ என்பதை இலக்கணப் புலவர்கள் வாதிப்பாராக. நாற்பது பிள்ளைகளின் முன் நாடோறும் நிற்பவனுக்கு இவ்விரு நிரல்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தலே போதும்.

ஏனை மூன்றும் வகுப்பறையிற் காணாதன அல்ல. மழலை மாறாத சிறு பிள்ளை சொல்லைத் தடுமாறிச் சொல்ல, கேட்டோர் நகைப்பது இளமை பற்றியது. அறியாமையால் ஒன்றைப் பிறிதொன்றாகக் கூற நகைப்பது பேதைமை பற்றியது. மடனாவது, பிறர் அறிவுறுத்தியதை அவ்வாறே கொண்டு, கொண்டதை விடாமை. ஏப்ரல் மாதம் முதலாந் திகதி, "அதிபர் உன்னை அழைக்கின்றார்" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் நம்பி ஓடி, அதிபரின் வாயிலில் நின்று விழிக்கின்றானே, அங்கே பிறக்கும் நகை இம்மடன் பற்றியதே. மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கமென்று நாம் இகழும் அவ்விளையாட்டுக்கு நமது பழைய நூலிலே இடமும் பெயரும் இருக்கின்றன. இம்மூன்றினும் பெரும்பாலும் நஞ்சில்லை. ஓடிப்போய் ஏமாந்தவன் திரும்பி வந்து தானும் நகைப்பான். அடுத்த ஆண்டு தான் ஒருவனை ஓடச் செய்வான்.

எள்ளலைப் பற்றிப் பேராசிரியர் எழுதிய உரையிலே ஒரு நுட்பம் உண்டு. எள்ளலால் வரும் நகை இரண்டு என்பர் அவர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. முதலாவது யாவர்க்கும் எளிது. இரண்டாவது எத்துணைப் பேர்க்கு இயலும்? நம்முட் பலர் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிலே உளநூலும் கற்பித்தல் முறையும் பயின்றிருக்கின்றோம். பிறர் எள்ளத் தான் நகுதல் என்னும் இப்பாடத்தை எவரும் நமக்குக் கற்பித்திலர்.

இனி இலங்கைத் தமிழிலே வழங்குஞ் சொல்லொன்றை நோக்குக. நகைப்புக்குரிய பேச்சைப் பகிடி என்கின்றோம். உயர்கல்விக் கழகங்களிலே பழைய மாணாக்கர் புதியவரைத் துன்புறுத்துவதைப் பகிடிவதை என்கின்றோம். பகிடியும் வதையும் ஒரு சொல்லாய்ப் புணர்ந்து நிற்குமாறு செய்தவர் யாரோ அறியேம். ஆயினும் அவர் கண்டு செய்தார். 1997ஆம் ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத்தில் ஒரு தமிழ் மாணாக்கர் இவ்வதையின் விளைவாய் உயிர் துறந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைக் குற்றமாக்கியது. கிரேக்க தேசத்து அரிஸ்டோட்டில் தமது அறநூலின் நான்காம் புத்தகத்திலே, பரிகாசமும் ஒருவகை வசையே. சிலவகை வசையைச் சட்டஞ் செய்வோர் விலக்கியிருக்கின்றனர். சிலவகைப் பரிகாசத்தையும் விலக்கியிருக்கலாம் என்ற கருத்தைக் கூறியுள்ளார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளின் பின் நமது நாடு அதனைச் செய்தது. செய்தும் அவ்வழக்கம் முற்றாக ஒழிந்திலது என்பதைச் செய்தித்தாள் வாசிப்போர் அறிவர்.

பல்கலைக்கழகத்திலே இருபது வயதில் வதை செய்பவன் அங்கே போய்த்தான் அதனைக் கற்றான் என்று நினைத்தல் கூடாது. எட்டு வயதிலும் பத்து வயதிலும் அவன் ஒரு வகுப்பறையில் இருந்தான். அழுத பிள்ளையைச் சுட்டி அவன் நகைத்தபோது அங்கே ஓர் ஆசிரியர் நின்றார். அவர் யாது செய்தார் என்பதே என் கேள்வி.

என் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். குருவிட்டை, கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவிலே உள்ளது. எரத்னை வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் அடியார்கள் இவ்வூரிலேயே பெருந்தெருவை விட்டு உட்புகுவர். மழை மிக்க நிலம். தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழியும் இங்குள்ளார்க்குப் பிழைப்பு. தோட்டத்து லயங்களில் வாழுந் தமிழ்க் குடும்பங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே சிறு சிறு தீவுகள் போல இருக்கின்றன. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தோட்டத்திலே கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட உடைமையாளர்மேல் வைத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில பலகைகள் என்னும் அளவிலே அப்பள்ளிகள் பல காலம் நின்றன. 1945ஆம் ஆண்டளவில் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசினர் தங் கைக்கொள்ளத் தொடங்கியதோ 1970களின் பிற்பகுதியிலேயாம். என் மாணாக்கருட் பலருடைய பாட்டன்மார் எழுத்தறியாதவர்; பெற்றோர் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையையும் பால்வாளியையும் எடுத்தவர்.

இப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது பாடங் கேட்குமிடம் மாத்திரமன்று. லயத்திலே ஓரறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில் விளையாட இடமில்லை; விடியுமுன் தாய் பிரட்டுக்குப் போய்விடுவாள்; மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டே பள்ளிக்கு வரும். பத்து வயதிலே குடும்பத் தலைவியாயிருக்கும் பெண்பிள்ளை பள்ளிக்குள் நுழைந்தபின்னரே குழந்தையாகின்றாள். ஆதலின் அவள் குறும்பு செய்யுங்கால் முதலிலே எனக்கு மகிழ்ச்சியுண்டாகும். கட்டுப்பாட்டைப் பெரிதும் மதிக்கும் மூத்த ஆசிரியர் சிலர் இதனை ஒப்புக்கொள்ளார். ஒப்புக்கொள்ளாவிடினும் உண்மை அதுவே.

இனி அவ்விரு நிகழ்ச்சிகள். வருடப்பிறப்பு விடுமுறைக்கு ஐந்து நாளிருக்கும். முதல் நாள் இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வரவுப் புத்தகத்தை எடுப்பதற்கு என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளிருந்து ஒரு தவளை பாய்ந்து என் மார்பிலே பட்டு வீழ்ந்தது. யான் கூவினேன். எத்தகைய ஒலியில் என்பதை எழுத நாணுகின்றேன். வகுப்பு முழுவதும் நகைத்தது; அடுத்த வகுப்பும் எட்டிப் பார்த்து நகைத்தது. யான் நகைத்திலேன். முகஞ் சிவந்து, உடல் நடுங்கி, செய்தவர் யாரென வினவி, எட்டாந் தரத்து மாணாக்கர் இருவர் ஒப்புக்கொண்டபின் அவர்களை நண்பகல் வரை முற்றத்தில் நிற்கச் செய்து, மறுநாட் காலை தந்தையை அழைத்து வரும்படி கடிதமும் கொடுத்தேன். மறுநாள் ஒருவனுடைய தந்தை வந்தார். இறப்பர்ப் பால் வெட்டுந் தொழிலாளி. பால்வெட்டு விடியற்காலத் தொழிலாதலால், என்னிடம் வந்ததனால் அவருக்கு அரைப்பேரே கிடைத்திருக்கும். அவர் கைகட்டி நின்று, "வாத்தியாரையா, அவனை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். தவளைக்காக ஒரு குடும்பத்தின் அரைநாட் கூலியை யான் வாங்கிக்கொண்டேன் என்பது அப்பொழுது என் சிந்தையில் உதித்திலது. ஆசிரியரின் மதிப்புக் காக்கப்பட்டது என்றே எண்ணியிருந்தேன்.

அதற்கு இரண்டு நாளின்பின், விடுமுறைக்கு முந்திய நாளுக்கு முந்திய நாள், அதே வகுப்பிலே மற்றொரு மாணாக்கன் மைப்பேனா ஒன்றை எங்கோ தேடிப் பெற்று வந்தான். இக்காலத்தில் மைப்பேனா அரிது. ஆதலின் அது அவனுக்குப் பெருஞ் செல்வமாயிருந்தது. இடைவேளையின்போது அதனை உதறி முன்னிருந்த பெண்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடைவரை நீல மாலை ஒன்று சூட்டினான். கல்வியாண்டின் இறுதியிலும் தவணை முடிவிலும் பட்டின மாணாக்கர் ஒருவர்மேலொருவர் மை தெளித்து மகிழும் வழக்கம் நீங்கள் அறிந்ததே. அவனும் அதனைக் கேள்வியுற்றே செய்தான். நகைப்பொலி எழுந்தது. அப்பிள்ளை அழுதுகொண்டு என் மேசைக்கு வந்தாள். யான் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்து, புன்னகைத்து, "விளையாட்டுக்குத்தானே செய்தான்? அழாதே, துவைத்தால் போய்விடும்" என்றேன். மாணாக்கனை நோக்கி, "குரங்கே, போய் உன் இடத்தில் இரு" என்றேன். வகுப்பு மறுபடியும் நகைத்தது. நகைச்சுவையறிந்த நல்லாசிரியன் என்று என்னை யானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மறுநாள் அவள் வரவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய முதற் கிழமையிலும் வரவில்லை. பின்னர் விசாரித்து அறிந்தேன். அவளிடம் பள்ளிக்குரிய சட்டை அதுவொன்றே நல்லதாய் இருந்தது. சீருடைத் துணியை அரசினர் இலவசமாக வழங்கத் தொடங்கியது 1993ஆம் ஆண்டிலே. அதற்கு முன்னிருந்த நிலைக்கு அது பெரிய உதவியே. ஆயினும் துணி ஆண்டுக்கொருமுறை வருவது. தைப்பதற்குக் கூலி வேண்டும். வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டுச் சட்டை இவ்வாண்டு பொருந்தாது. தாய் தேசிக்காயும் உப்பும் இட்டுத் தேய்த்திருக்கின்றாள். மை போகவில்லை, துணி நைந்தது. மைபட்ட சட்டையோடு வந்தால் நகைப்பார்கள் என்று பிள்ளை வீட்டில் இருந்துவிட்டாள். தொல்காப்பியனார் கூறிய அழுகைக் காரணங்களுள் முதலாவதாகிய இளிவும் நான்காவதாகிய வறுமையும் ஒரு சட்டையிலே வந்து கூடியதை யான் "விளையாட்டு" என்று பெயரிட்டு அனுப்பியிருந்தேன்.

அன்பர்களே, இவ்விரண்டையும் நிறுத்துப் பாருங்கள். தவளையினால் எவருக்கு யாது கெட்டது? என் சட்டையும் கெடவில்லை. தவளையும் வெளியே பாய்ந்து தன் வழியே போயிற்று. மையினால் ஒரு பிள்ளையின் படிப்பிலே இரண்டு கிழமை போயிற்று. ஆயினும் தவளைக்குத் தண்டமும் மைக்குப் புன்னகையும் வழங்கினேன். ஏன்? தவளை என்மேற் பாய்ந்தது; மை என்மேற் படவில்லை. வேறு காரணம் யாதுமில்லை. எத்தனை வகையாகத் தேடியும் வேறு காரணங் கண்டிலேன்.

நன்னூலார் ஆசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். நிலம் பொறைக்கு, நிறைகோல் ஐயந்தீரப் பொருளை அளந்து காட்டுதற்கும் நடுநிற்றற்கும். இவை தனித்தனி நற்குணங்கள் என்று யான் முன்னே எண்ணியிருந்தேன். இப்பொழுதோ ஒன்றின்றி மற்றொன்று இல்லையென்று தோன்றுகின்றது. தன்மேல் வந்ததைப் பொறுக்கும் நிலமாகாதவன் பிறர்மேல் வந்ததை அளக்கும் கோலாதல் எவ்வாறு? கோலின் ஒரு தட்டிலே தானே ஏறி இருந்துகொண்டு நிறுக்கின்றானே.

குறும்பனை மாணாக்கனல்லன் என்று நன்னூல் தள்ளியதாகச் சிலர் வாதிப்பர். நூல் கொள்ளத் தகாதவரைக் கூறுமிடத்துக் 'களி' என்பான் முதலில் நிற்கின்றான் என்று காட்டுவர். அங்கே களியென்றதற்கு உரைகாரர் கொண்ட பொருள் கட்குடியன் என்பது. களிப்புடைய பிள்ளை என்பதன்று. அந்நிரலிலே மானியும் சினத்தனும் இருக்கின்றனர் என்பதையும் மறவாதிருத்தல் நன்று. தவளை நாளிலே அவ்விரு பெயரும் எவர்க்குப் பொருந்தின என்று என் மாணாக்கர் கேட்டிருந்தால் யான் விடை கூறியிரேன்.

நமது சமயத்திலே விளையாட்டுக்குக் கொடுத்த இடத்தை நினைந்து பாருங்கள். மதுரையிலே இறைவன் செய்தருளிய அறுபத்துநான்கு செயல்களையும் திருவிளையாடல் என்று வழங்குகின்றோம். பரஞ்சோதி முனிவர் பாடிய புராணத்திலே அறுபத்தொராவது, பிட்டுக்கு மண் சுமந்தது. வையை பெருகிக் கரை உடைய, குடிக்கொரு பங்கு அடைக்கும்படி பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத கிழவியாகிய வந்திக்கு இறைவன் கூலியாளாய் வந்தான்; உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசினான். பேசியபடி வேலை செய்தானோ எனின், இல்லை. உண்டான், பாடினான், ஆடினான், உடன் வேலை செய்தோரையும் வேடிக்கை பார்க்கச் செய்தான், படுத்து உறங்கினான். மேற்பார்ப்போர் முறையிட, அரசன் வந்து பிரம்பால் அடித்தான். அவ்வடி அடித்த அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், அமைச்சர் முதுகிலும், எவ்வுயிரின் முதுகிலும் பட்டது. ஆவணி மூலத்தில் மதுரையிலே இன்றும் இதனைத் திருவிழாவாக நடத்துகின்றனர். கூலியாளையும் கங்காணியையும் கண்டு வளர்ந்த தோட்டப் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கால் அவர்கள் கண் விரியும். இறைவன் உறங்கினான் என்றவுடன் கைகொட்டி நகைப்பர். பாண்டியன் கொடியவனல்லன். வேலை கெடுகின்றதே என்னும் கவலையால் அடித்தான். அதனாலேயே கதை நம்மைச் சுடுகின்றது.

பிரம்பு இக்காலத்தில் நம் கையில் இல்லை. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. இந்தியாவிலும் 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் விலக்கியது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட கதைகளை இன்று நம்பவும் மாட்டோம். ஆயினும் பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர் சிலர் அதன் வேலையை நாவுக்குக் கொடுத்துவிட்டனர். பிள்ளையின் நிறம், தந்தையின் குடி, லயத்துப் பேச்சு, வீட்டில் வைத்த பட்டப் பெயர் ஆகிய எல்லாம் அவர்களுக்கு நகைப்பொருள். வகுப்பும் உடன் நகைக்கும், ஏனெனின் அடுத்ததாகத் தன்மேல் வாராதிருத்தற்கு ஒவ்வொரு பிள்ளையும் நகைத்தே தீரவேண்டும். மாணாக்கனுடைய தவளையைக் குற்றமென்பவர் இதனைக் கற்பித்தல் உத்தி என்பர். யான் அம்மாணாக்கனைக் குரங்கென்று அழைத்ததும் இவ்வகையினதே. அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை.

இவ்வாறு இடங்கொடுத்தால் கட்டுப்பாடு அழிந்துவிடாதோ என்பது தக்க கேள்வி. இடங்கொடாமையால் அழிந்ததற்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் முற்காலத்துப் பள்ளி மாணாக்கர், விடுமுறை வேண்டி, ஆசிரியரை வெளியே நிறுத்திக் கதவை அடைத்துக்கொள்ளும் ஒரு வழக்கம் இருந்தது. பல பள்ளிகளில் அது ஆண்டுதோறும் நிகழும் விளையாட்டாய், இரு பக்கத்தாரும் உடன்பட்டு முடிப்பதாய் இருந்தது. 1595ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரத்துப் பெரும்பள்ளியில் மாணாக்கர் கேட்ட விடுமுறை மறுக்கப்பட்டது. அவர்கள் பள்ளியைப் பூட்டிக்கொண்டனர். நகரத்து நடுவருள் ஒருவர் ஆள்களோடு வந்து கதவை இடிக்கத் தலைப்பட, உள்ளிருந்த மாணாக்கனொருவன் சுட்டான். நடுவர் தலையிற் குண்டுபட்டு மாண்டார். சிறுவர் கையிலே துப்பாக்கி இருந்தது பெருங்கேடு, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் விளையாட்டுக்கு விடையளிக்க வேண்டிய இடத்திலே நகரம் அதிகாரத்தை அனுப்பியது என்பதையும் மறக்கலாகாது.

நமது திண்ணைப் பள்ளிகள், தண்டனையிற் கொடியனவாயினும், இவ்விடயத்தில் அறிவுடையனவாயிருந்தன. நவராத்திரிக் காலத்திலே பிள்ளைகள் கோலாட்டத் தடியோடு வீடுதோறுஞ் சென்று பாடியாடிப் பொருள் பெற்று வருவர். அது உபாத்தியாயரைச் சேரும். ஆண்டிற் சில நாள் பிள்ளைகளின் ஆரவாரமே ஊரை ஆளும். விடுமுறைக் களிப்பை அடக்காமல் அதற்கு ஒரு வழக்கத்தைக் கொடுத்தனர். இன்று ஆசிரியர் தினத்தன்று மூத்த மாணாக்கர் ஆசிரியர்போல் உடுத்து வந்து பாடம் நடத்துவதும் அதனோடு ஒப்பதே. அந்நாளிலே மறைந்திருந்து பாருங்கள். நம் நடையும், நாம் மூக்குக் கண்ணாடியை ஏற்றுவதும், நாம் மறந்துபோன நம் கடுஞ்சொற்களும் அங்கே உலாவும்.

மற்றொரு பக்கமும் உண்டு. பிள்ளைகளின் அன்பைப் பெறுதற்குத் தாமே கோமாளியாகும் ஆசிரியரையும் கண்டிருக்கின்றேன். ஓயாது பகிடி பேசுவார்; பாடம் நடவாது; பரீட்சை வரும்போது பிள்ளை அழும். இவரைப் பற்றி நீட்டி எழுதவேண்டியதில்லை. அரிஸ்டோட்டிலும் எதற்கும் நகைப்பூட்ட விரும்புவானையும் எதற்கும் நகையாதானையும் இருபுறத்தும் நிறுத்தி, நடுவே நிற்பானையே மெச்சினார்.

நடுவே நிற்றல் எங்ஙனம் என்பதற்குத் திருக்குறளிற் பண்புடைமை அதிகாரத்தைப் புரட்டுக. அதிலே ஒரு குறள், விளையாட்டினிடத்தும் இகழ்ச்சி துன்பந் தருவது என்கின்றது. அதே அதிகாரத்தில் மற்றொரு குறள், பிறரோடு கலந்து மகிழ வல்லரல்லாதார்க்கு இப்பேருலகம் பகற்பொழுதிலும் இருட்கண் கிடந்தது என்கின்றது. முன்னதை மாத்திரம் கற்ற ஆசிரியர் எவரையும் நகைக்க விடார். பின்னதை மாத்திரம் கற்றவர் எதனையும் தடுக்கார். தவளை நாளிலே எனக்குப் பின்னைய குறள் வேண்டியிருந்தது. மை நாளிலே முன்னையது வேண்டியிருந்தது. யான் இரண்டையும் மாற்றிப் பிடித்தேன்.

இப்பொழுது யான் செய்வது இதுவே. குறும்பு நிகழ்ந்தவுடன் செய்தவனைத் தேடுவதில்லை. படப்பட்டவனுடைய முகத்தைப் பார்க்கின்றேன். அவன் நகைக்கின்றானாயின் யானும் நகைத்துப் பாடத்தைத் தொடர்வேன். அழுகின்றானாயின், அல்லது அழாமல் நகைப்பவன்போல் நடிக்கின்றானாயின், புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். நடிப்பைக் கண்டறிதல் கடினம், பலகாற் பிழைபட்டிருக்கின்றேன். படப்பட்டவன் யானேயாயின் பத்து எண்ணுவேன். தவணை முடிவிலே கடைசி இரண்டு பாடவேளையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுகின்றேன். விடுகதையும் வேடமும் போலிநடிப்பும் அவர்கள் பொறுப்பு. மையும் நீரும் ஒருவர் உடையிற் படலாகாது என்பது ஒன்றே விதி. அவ்விதியை எழுதியவன் அந்த மைப்பேனாக்காரன்.

அப்பெண்பிள்ளைக்கு வேறு சட்டை கிடைத்தது. எவ்வாறு என்பதை ஈண்டுக் கூறவேண்டியதில்லை. அவள் வந்தாள், படித்தாள், என்னோடு மாத்திரம் வேண்டிய அளவே பேசினாள். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்து ஆசிரியர் தினத்திலே, தாயின் சேலையை உடுத்து, ஒரு பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டி, அவள் என் வகுப்புக்கு யானாக வந்தாள். யான் கடைசி வாங்கில் இருந்தேன். ஒரு சிறு பிள்ளை, முன்னரே பேசி வைத்தபடி, கண்ணைக் கசக்கிக்கொண்டு மேசைக்குச் சென்று, "சேர், இவன் அடிச்சிட்டான்" என்றது. அவள் கணக்கெழுதிக்கொண்டே நிமிர்ந்து, என்னைப்போலவே புன்னகைத்து, என் குரலிலேயே, "விளையாட்டுக்குத்தானே செய்தான்? அழாதே, துவைத்தால் போய்விடும்" என்றாள். வகுப்பு வெடித்து நகைத்தது. யானும் நகைத்தேன். அவள் நகையாமல், கண்ணாடிக்கு மேலாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.